அழைத்தவர்களே ரத்து செய்த உரை: பாகூரிலிருந்து பார்க்கும் சட்ட மேடையின் வரலாறு

பாகூர் கொம்யூனில் ஒரு காலனியில் மாலை வகுப்பை முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் ஒரு சட்டக் கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் தெருவிலிருந்து சட்டம் படிக்கப் போன முதல் ஆள் அவள்தான். நவம்பர் 26 அரசியலமைப்பு நாளுக்கு அவள் கல்லூரியில் சிறப்புச் சொற்பொழிவு நடந்ததாம். தலைப்பு, உள்ளாட்சியும் அடித்தட்டு ஜனநாயகமும். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பேசுனாங்கக்கா. பாபாசாகேப் படத்துக்கு மாலை போட்டாங்க. கடைசில கேள்வி இருந்தா கேளுங்கன்னாங்க. நான் கை தூக்குனேன். அதுக்குள்ள நேரமாச்சு, நன்றியுரைன்னுட்டாங்க."

என்ன கேட்க நினைத்தாய் என்றேன்.

"எங்க ஊர்ல பஞ்சாயத்துத் தேர்தலே நடக்கலியே, அப்ப அந்தச் சட்டம் எங்களுக்கு உண்டா இல்லியான்னு கேக்கலாம்னு இருந்தேன்."

தோழர்களே, இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2006இல். இடையில் 38 ஆண்டுகள். 2006இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பிறகு ஆண்டுக்கணக்காக அதிகாரிகள் கையில்தான் நிர்வாகம். வில்லியனூர், பாகூர் உள்ளிட்ட கொம்யூன் பஞ்சாயத்துகளில் அட்டவணைச் சாதியினருக்கு ஒதுக்க வேண்டிய நாற்காலிகளும் அந்தக் காலியிடங்களில் அடங்கும். 73ஆவது திருத்தம் பற்றிய ஒரு சிறப்பு உரையில் இதைவிடப் பொருத்தமான கேள்வி வேறு என்ன இருக்க முடியும்? அந்தக் கேள்விக்குத்தான் நேரம் இல்லை.

அன்று இரவு பேருந்தில் திரும்பும்போது ஒன்றை யோசித்தேன். சட்டத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அந்த மேடையில் யார் பேசினார்கள், யார் கேட்டார்கள், யாருக்கு அனுமதி இல்லை என்பதற்கு இங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு அந்த அரங்குகளுக்குள் போக வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

மூன்று ஊர் வருவாயில் ஒரு கல்விச்சாலை

பாகூர் ஏரியையும் மூலநாதர் கோயிலையும் பார்த்தவர்கள் பாகூர்ச் செப்பேடுகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை அவை. அப்போது ஊரின் பெயர் வாகூர். அங்கே இருந்த வித்யாஸ்தானம் என்ற உயர்கல்விச் சாலைக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாய் கொடையாகக் கொடுக்கப்பட்டதைச் செப்பேடு சொல்கிறது. "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் இருந்தது" என்று உள்ளூர் விழாக்களில் பெருமையாகப் பேசுவார்கள்.

பெருமைப்படுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்போம். அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? வித்யாஸ்தானம் என்ற சொல்லுக்கு மரபு பதினான்கு கல்வித்துறைகளைச் சொல்லும். நான்கு வேதம், ஆறு வேதாங்கம், புராணம், நியாயம், மீமாம்சை, தர்மசாஸ்திரம். கடைசியில் உள்ள தர்மசாஸ்திரம்தான் அந்தக் காலத்துச் சட்டப் படிப்பு. குற்றம் எது, தண்டனை எது, சொத்து யாருக்கு, யார் யாரைத் தொடலாம் என்பதையெல்லாம் வருணக் கணக்கில் வகுத்து வைத்த படிப்பு. பிறப்பைப் பார்த்துத் தண்டனையைக் கூட்டிக் குறைக்கும் சட்டம் அது.

இரண்டாவது கேள்வி, யார் கேட்கலாம்? வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய உலோகத்தை ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால், வருணக் கணக்குக்கே வெளியே தள்ளப்பட்ட நம் முன்னோர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் பேசுவதற்கு மட்டுமல்ல, கேட்பதற்கும் உரிமை இல்லாதவர்கள்.

அந்தச் சாலைக்குச் செலவு எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். மூன்று ஊர் விளைச்சலிலிருந்து. கொடுத்தவர் யார், ஆண்ட மன்னன் யார் என்று செப்பேடு சொல்கிறது. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள் யார் யார் என்று இன்று யாருக்கும் தெரியாது. இன்றும் பாகூர்தான் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். இன்றும் நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்குகிற பெண்களில் பெரும்பாலோர் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பது அந்தப் பக்கம் போய்வரும் எல்லோருக்கும் தெரியும். உழைப்பு இங்கிருந்து போனது, சட்டம் அங்கிருந்து வந்தது. இதுதான் நம் ஊரின் முதல் சட்டக் கல்விக் கதை.

சமத்துவம் பேசிய பிரெஞ்சுக்காரர்களும் சாதி வழக்கமும்

அடுத்து வந்தவர்கள் சமத்துவத்தைக் கொடியில் எழுதிக்கொண்டு வந்தவர்கள். 1789இல் மனிதர்கள் பிறப்பால் சமம் என்று அறிவித்த நாடு பிரான்ஸ். ஆனால் பாண்டிச்சேரியில் அவர்கள் செய்தது வேறு. 1819 ஜனவரி 6 அன்று பிறப்பித்த ஆணை, இங்குள்ள இந்தியர்களுக்கு அவரவர் சாதியின் சட்டம், வழக்கம், பழக்கத்தின்படியே தீர்ப்பு வழங்கப்படும் என்றது. இந்து, முஸ்லிம், கிறித்தவர் எல்லோருக்கும் அதுவே விதி. 1827இல் சாதி வழக்கங்களைப் பற்றி நீதிமன்றத்துக்குக் கருத்துச் சொல்ல ஆலோசனைக் குழு ஒன்றையும் அமைத்தார்கள். அதில் உட்கார்ந்தவர்கள் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள்.

அந்த ஊர்ப் பெரியவர் "எங்கள் வழக்கம் இதுதான்" என்று சொன்னால் அது நீதிமன்றத்தில் சட்டக் கருத்தாக நின்றது. சேரிக்காரர் "இது எங்களுக்கு அநியாயம்" என்று சொன்னால் அதைப் பதிவுசெய்ய அங்கே ஒரு நாற்காலியும் இல்லை. சட்ட வல்லுநர் என்ற பட்டத்தைச் சாதியே வாங்கிக் கொடுத்த காலம் அது.

இந்த ஏற்பாட்டை உள்ளிருந்து உடைத்த வழக்கு, காலில் போடும் செருப்பைப் பற்றியது. பொன்னுத்தம்பி பிள்ளை பாண்டிச்சேரியில் வழக்கறிஞர். 1873இல் அவர் ஐரோப்பிய பாணிக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி சொன்னார். இவர் கழற்ற மறுத்தார். தண்டனை விதித்தார்கள். அவர் பாரீஸில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் அந்தத் தண்டனையை ரத்து செய்ய வைத்தார்.

அவர் சேரியிலிருந்து வந்தவர் அல்ல, மேல்சாதிக் கிறித்தவர். அதை மறைத்து அவரை நம் வீரராக்க எனக்கு விருப்பம் இல்லை. வழக்கறிஞராக இருந்ததால்தான் அவரால் பாரீஸ் வரை போக முடிந்தது. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காக அடிவாங்கிய நம் தாத்தாக்களுக்கு எந்தப் பாரீஸும் கதவு திறக்கவில்லை. ஆனால் அவர் திறந்த வழி அவரோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. சாதி வழக்கச் சட்டத்திலிருந்து வெளியேற விரும்புகிறவர்களுக்கு உரிமை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஓர் இந்தியர் எழுத்துமூலம் அறிவித்துத் தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. குடும்பப் பெயர் ஒன்றை ஏற்க வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்.

இவர்களை ரெனோன்சான்கள், துறந்தவர்கள் என்பார்கள். துறந்தவர்களில் சேரிக் கிறித்தவர்கள் பலர் இருந்தார்கள். ஒரு கையெழுத்தில் சாதிச் சட்டத்தை விட்டு வெளியேறலாம் என்றால் அதை முதலில் விரும்புகிறவன் அதனால் அதிகம் அடிபட்டவன்தானே. ஆனால் சாதி அவ்வளவு எளிதில் விடவில்லை. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர்கள் ஒன்று, துறக்காதவர்கள் ஒன்று. சாதியைத் துறந்தவர்களுக்கு இன்னொரு தனி வரிசை! இதைப் படிக்கும்போது, மதம் மாறிய பிறகும் தனிக் கல்லறையில் புதைக்கப்பட்ட நம் மக்களின் நினைவு எனக்கு வராமல் இருந்ததில்லை.

சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. இது பழங்கதை அல்ல. இந்து திருமணச் சட்டம் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவிலேயே இன்றும் எழுதியிருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

சட்டம் எங்கள் ஊருக்கு எப்போது வந்தது?

வில்லியனூர்ப் பக்கம் கீழூருக்குப் போனால் ஒரு நினைவிடம் இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று அங்கே கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று.

பள்ளிக்கூடத்தில் இதோடு பாடம் முடிந்துவிடும். நமக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் முக்கியம். தீண்டாமைக் குற்றச் சட்டம் இந்தியாவில் 1955இல் வந்தது. புதுச்சேரிக்கு அது 1963ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை வழியாகத்தான் நீட்டிக்கப்பட்டது. புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிகள் ஆணை 1964இல் வெளியானது. அதாவது கடலூர்ப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரர் தனிக்குவளை வைத்தால் அது குற்றம். எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே குவளைக்கு அந்தச் சட்டம் இல்லை. எட்டு ஆண்டுகள் இந்த நிலை.

ஆகவே சட்டம் என்பது எல்லோருக்கும் ஒரே நாளில் விடிகிற பொழுது அல்ல. அது தேதி போட்டு, எல்லை போட்டு, ஊர் ஊராகத்தான் வருகிறது. சில ஊர்களுக்கு வந்த பிறகும் காவல் நிலைய வாசலிலேயே நின்றுவிடுகிறது.

ஒரு சட்டக் கல்லூரி முதல்வர், ரத்தான ஓர் உரை

இப்போது பாபாசாகேப். அவரை அரசியலமைப்பை வரைந்தவராகத்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் சட்டக் கல்லூரி ஆசிரியர் என்பது பலருக்குத் தெரியாது. 1928இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பகுதிநேரப் பேராசிரியர். 1935 ஜூன் முதல் அதே கல்லூரியின் முதல்வர். அதற்கு முன் 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கப் போனபோது, ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையில் அவர் குடிக்கக்கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வகுப்பில் பாடம் கேட்கலாம், பானையைத் தொடக்கூடாது. இதை மறக்காதீர்கள்.

1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் லாகூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஜாத் பாத் தோடக் மண்டல், அதாவது சாதி ஒழிப்புச் சங்கம், தன் 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமையுரை ஆற்ற அவரை அழைத்தது. அவர் உரையை எழுதினார். முன்கூட்டியே படித்துப் பார்த்த சங்கத்தாருக்கு வயிற்றைக் கலக்கியது. வேதம், சாத்திரம் பற்றிய பகுதிகளை எடுத்துவிடுங்கள் என்றார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அவர். அழைத்தவர்களே மாநாட்டை ரத்து செய்தார்கள்.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். அழைத்தவர்கள் சனாதனிகள் அல்ல, சாதியை எதிர்க்கிறோம் என்று பெயர்ப்பலகை வைத்தவர்கள். அழைக்கப்பட்டவர் நாட்டின் புகழ்பெற்ற சட்டக் கல்லூரி ஒன்றின் முதல்வர், கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்றவர். இவ்வளவு இருந்தும், சாதியின் வேர் எங்கே என்று கைநீட்டிக் காட்டியவுடன் மேடையைக் கலைத்துவிட்டார்கள். விருந்தினராகக் கூப்பிடுவார்கள், ஆனால் வீட்டுக்காரர் காது குளிரும்படி பேச வேண்டும். நம்மவர்களைச் சிறப்பு விருந்தினராக அழைக்கும் பல மேடைகளில் இன்றும் இந்த எழுதாத ஒப்பந்தம் இருக்கிறது.

அவர் அடுத்துச் செய்ததுதான் நமக்குப் பாடம். அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டு மாதத்தில் தீர்ந்தன. தமிழில் பெரியாரின் குடி அரசு அதை வெளியிட்டது. லாகூர் அரங்கில் சில நூறு பேர் கேட்டிருக்க வேண்டிய உரையை இன்று உலகம் 'சாதியை அழித்தொழித்தல்' என்று படிக்கிறது. அந்த ஆண்டு லாகூரில் வேறு யார் யார் எந்த மாநாட்டில் தலைமை தாங்கினார்கள் என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னோர் உரையையும் சட்ட மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். 1952 டிசம்பர் 22 அன்று புனே மாவட்டச் சட்ட நூலகத்தில், வழக்கறிஞர்கள் முன்னால் அவர் பேசியது. அப்போது அவர் சட்ட அமைச்சர் பதவியிலிருந்து விலகிவிட்டார், மக்களவைத் தேர்தலில் தோற்றும் இருந்தார். ஜனநாயகம் ஒழுங்காக நடக்க என்னென்ன நிபந்தனைகள் என்று அங்கே அடுக்கினார். சமூகத்தில் அப்பட்டமான ஏற்றத்தாழ்வு இருக்கக்கூடாது. எதிர்க்கட்சி வேண்டும். சட்டத்தின் முன்னும் நிர்வாகத்திலும் சமத்துவம் வேண்டும். பெரும்பான்மை சிறுபான்மையை ஒடுக்கக்கூடாது. அரசியலமைப்பு ஒழுக்கம் வேண்டும், பொது மனச்சாட்சி வேண்டும். நிர்வாகத்தில் சமத்துவம் என்ற இடத்தில் எனக்கு எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத அலுவலகத்தில் தெருவிளக்குக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனு கொடுத்துவிட்டு நிற்கும் நம் பெண்களைப் பற்றி அவர் பேசியதுபோல் இருந்தது.

பெயரை அச்சிடுவதிலும் ஒரு போராட்டம்

அம்பேத்கர் மறைந்த பிறகு அவர் பெயரே பல சட்டக் கல்லூரிகளின் வாசலில் ஏறியது. காலாப்பட்டில் உள்ள நம் புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. சென்னையில் 1891இல் தொடங்கிய சட்டக் கல்லூரியும் பின்னாளில் அவர் பெயரைப் பெற்றது. பெயர் வந்துவிட்டால் போதுமா?

2008 அக்டோபரில் தேவர் ஜெயந்திக்காகச் சென்னைச் சட்டக் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் அச்சிட்ட சுவரொட்டியில், கல்லூரியின் பெயரிலிருந்து டாக்டர் அம்பேத்கர் என்பது விடுபட்டிருந்தது. ஒரு விழாச் சுவரொட்டிதான். அதிலிருந்து முற்றிய பகை நவம்பர் 12 அன்று வளாகத்துக்குள் வெடித்தது. மாணவர்கள் கட்டைகளால் தாக்கிக்கொண்டார்கள். கீழே விழுந்தவர்களையும் அடித்தார்கள். காவல்துறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. நீதிபதி பி. சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 2018இல், உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த கல்லூரியையே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரித்துக் கொண்டுபோனார்கள்.

அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் கையிலும் கட்டை இருந்தது. கீழே கிடந்தவனை அடித்ததை எந்த வரலாற்றைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது, பாபாசாகேப் காட்டிய வழியும் அதுவல்ல. ஆனால் அந்தக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டியவர்கள், ஒரு பெயரை அச்சிட மறுக்கும் மனநிலை சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று பெரிதாகக் கேட்கவில்லை. கல்லூரி விழா மேடைகள் யாருடைய சாதிக்கு எத்தனை நாள் என்று பங்குபோடும் இடமாக மாறியதைப் பற்றியும் பேசவில்லை.

ஏழு ஆண்டு கழித்து இன்னொன்று. 2015 ஏப்ரல் 14 அன்று சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் ஒரு விருந்தினர் உரைக்கு ஏற்பாடு செய்தது. இன்றைய காலத்தில் அம்பேத்கரின் பொருத்தப்பாடு பற்றி வெளிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பேசினார். அந்த உரையை ஒட்டி வெளியிட்ட துண்டறிக்கையைக் காட்டி, பெயர் சொல்லாத ஒருவர் மத்திய அமைச்சகத்துக்குப் புகார் அனுப்பினார். மே மாதம் வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் ரத்து செய்தது. நாடெங்கும் மாணவர்கள் போராடினார்கள். ஜூன் மாதம் அங்கீகாரம் திரும்பி வந்தது. அங்கே யாரும் கட்டை எடுக்கவில்லை. பிற ஊர்களில் இதே பெயரில் புதிய படிப்பு வட்டங்கள் முளைத்தன.

லாகூரில் 1936இல் உரைக்கு முன்பே தடுத்தார்கள். சென்னையில் 2015இல் உரைக்குப் பின் தண்டித்தார்கள். இரண்டு இடத்திலும் அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர் சொன்னதை எடுத்துப் பேசியதுதான் சிக்கல்.

அரங்குக்குள் போகும்போது

சட்டக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். சிறப்புச் சொற்பொழிவுகளைப் புறக்கணிக்காதீர்கள். ஒரு நீதிபதியையும் மூத்த வழக்கறிஞரையும் நேரில் பார்த்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. சொந்தக்காரர்களில் வழக்கறிஞர் இருக்கிறவர்களுக்கு அது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும். நமக்கு அந்த அரங்கில்தான் கிடைக்கும்.

பேச்சாளரைத் தேர்வு செய்யும் குழுவில் மாணவர்கள் இருந்தால் அதில் இடம் கேளுங்கள். ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் மட்டும் நம்மவர்களை அழைப்பதை ஏற்காதீர்கள். வரிச் சட்டம் பற்றியும் நிறுவனச் சட்டம் பற்றியும் பேசத் தகுதியுள்ள நம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் அழைக்கச் சொல்லுங்கள். கேள்வி நேரம் நிகழ்ச்சி நிரலில் எழுதியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், நன்றியுரைக்கு முன் அது இருக்க வேண்டும். கேள்வியைத் தமிழில் கேட்கத் தயங்காதீர்கள். ஆங்கிலம் வரவில்லை என்பதால் பின்வரிசையில் வாய்மூடி உட்கார்ந்த ஆண்டுகள் எனக்கும் உண்டு. முதுகலை முடிக்கும் வரை ஒரு கருத்தரங்கிலும் நான் எழுந்து கேட்டதில்லை. அது ஆங்கிலத்தின் குறை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எழுந்து நிற்பதற்கே பயந்திருக்கிறேன்.

கேட்டதை எழுதி வையுங்கள், முடிந்தால் நான்கு பக்கமாக அச்சடித்துக் கொடுங்கள். லாகூரில் பேசவிடாத உரை பிழைத்தது அச்சால்தான்.

கடைசியாக, அந்த உரையை ஊருக்குக் கொண்டுவாருங்கள். நான் பாகூரில் சந்தித்த தங்கையிடம் இதைத்தான் கேட்டேன். உனக்கு அங்கே நேரம் தரவில்லை, இங்கே நாம் தருவோம், வருகிற ஞாயிறு நீ பேசு என்றேன். முதலில் மறுத்தாள். பிறகு ஒத்துக்கொண்டாள். சமுதாயக்கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் நடவு வேலைக்குப் போய்வந்த பெண்கள். மைக் இல்லை, பொன்னாடை இல்லை. 73ஆவது திருத்தம் என்றால் என்ன, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பது கட்டாயம், மக்கள்தொகைக்கு ஏற்ப நமக்கு இடம் ஒதுக்க வேண்டும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தர வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினாள்.

முடிந்ததும் ஓர் ஆயா எழுந்தார். "எனக்கு ஓட்டு வந்து எத்தினியோ வருஷம் ஆச்சு. பஞ்சாயத்துக்கு ஒரே ஒரு தரம்தான் போட்டிருக்கேன். மத்ததெல்லாம் எங்க போச்சும்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவளிடம் அன்று முழுப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. தேடிப் படித்து அடுத்த மாதம் வந்து சொல்கிறேன் என்றாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுத அன்றே உட்கார்ந்தோம். ஆயா கேட்டதைக் கேள்வியாக மாற்றி எழுதினாள். ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில், நம் உழைப்பில் நடந்த ஒரு சாலையில், நம் காதுக்கு எட்டாமல் சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று மாலை நம் தெருப் பெண் சட்டம் சொன்னாள், நம் ஆயா கேள்வி கேட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பக்கத்து ஊர்களில் இருக்கும் சட்ட மாணவர்கள் வாருங்கள்.

ஜெய் பீம்.